கீழ்க்கட்டளை வாசகி

எனக்கு இருபத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது கீழ்க்கட்டளைக்குப் பெண் பார்க்கப் போனோம். நானும் அம்மாவும் மட்டும். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்கள் சர்ச் பாஸ்டர் சொல்லிவிட்ட இடம். பெண் பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தாள். அவளுடைய அப்பா அரசாங்கத்தில் நில வரைபடம் போடுகிற வேலையில் இருந்தார். ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. நான் நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவதுதான் என் வேலை. அதை விளக்கப் பொறுமையில்லாமல் அம்மா எல்லோரிடமும், "கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று சொல்லிவிடுவாள்.

கேக்கும் மிக்சரும் டீயும் ஆனபிறகு, பெண்ணின் அம்மா எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றோம்.

"நீங்க நிறைய படிப்பீங்கன்னு பாஸ்டர் சொன்னார்" என்றாள்.

"ஆமா."

"என்ன மாதிரி?"

"எல்லா மாதிரியும்தான். துப்பறியும் கதை, பேய்க் கதை, சரித்திரக் கதை, சயின்ஸ் ஃபிக்‌ஷன், குடும்பக் கதை. சிறுகதை நிறைய படிப்பேன்."

அவள் கொடியில் காய்ந்த ஒரு துணியைத் திருப்பிப் போட்டாள். பிறகு, "நான் ஸ்கூல் புக் தவிர ஒண்ணும் படிச்சதில்ல. ஒவ்வொரு வகையிலயும் நல்லதா ஒண்ணு குடுங்களேன். ஒண்ணு ஒண்ணா குடுங்க. ஏன் அதைப் படிக்கணும்னு எழுதியும் குடுங்க. படிச்சிட்டு என் அபிப்பிராயத்தைச் சொல்றேன்" என்றாள்.

"புத்தகத்தைப் பத்தியா, என்னைப் பத்தியா?"

"ரெண்டும்தான். அதுவரைக்கும் போன் எல்லாம் வேண்டாமே. அப்பாகிட்ட குடுத்துவிடுங்க."

இது பரீட்சையா, விளையாட்டா, மறுப்பா என்று எனக்குப் புரியவில்லை. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அம்மா என் காதருகில் வந்து, "என்னடா சொன்னா?" என்றாள்.

"புக் கேட்டாம்மா."

"பைபிளா?"

"இல்ல. கதை புக்."

சேலையூரில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது அம்மா, "கல்யாணத்துக்கும் கதை புக்குக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

புத்தகம் சிபாரிசு செய்வதில் எனக்கு அனுபவம் இருந்தது. நல்ல அனுபவம் என்று சொல்ல முடியாது. ஆபீசில் ஒருவர், மனசு சரியில்லை, சிரிக்கிற மாதிரி ஏதாவது கொடு என்றார். எல்லாக் காரியமும் கோணலாகப் போகிற ஒரு குமாஸ்தாவைப் பற்றிய நாவலைக் கொடுத்தேன். நான் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்துப் படித்த நாவல். அவர் இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பாவம், அந்த ஆளுக்கு யாருமே ஹெல்ப் பண்ணல பார்த்தியா" என்று கண் கலங்கினார். இன்னொரு பெண் பயமாக ஏதாவது வேண்டும் என்றாள். பேய்க் கதைத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்தேன். அவள் பயப்படவே இல்லை. அதில் ஒரு பேய் தன் பழைய வீட்டுச் சமையலறையைத் தேடி அலைகிறது. அதைப் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் இருந்த அம்மாவுக்குப் போன் செய்து அரைமணி நேரம் பேசினாளாம். நான் கொடுக்கும் புத்தகம் ஒன்றாகவும் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் புத்தகம் வேறொன்றாகவும் இருந்தன. நடுவில் எங்கே மாறியது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அப்படிப்பட்டவன், முன்பின் தெரியாத கணக்கு டீச்சருக்கு என்ன கொடுப்பது? ஒரு வாரம் அலமாரி முன்னால் உட்கார்ந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் துப்பறியும் நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு மலையடிவார பங்களாவில் கொலை நடக்கிறது. ஏழு பேர் மேல் சந்தேகம். கணக்கு மாதிரி விடை கிடைக்கிற புத்தகம் என்பதால் கணக்கு டீச்சருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். முழுப்பக்கம் காரணம் எழுதி, நான்காக மடித்து உள்ளே வைத்தேன்.

அவளுடைய அப்பா சனிக்கிழமை சாயங்காலம் மேடவாக்கம் கூட்ரோட்டில் ஒரு பேக்கரிக்கு வந்து வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் கூராகச் சீவிய பென்சில் ஒன்று நிற்கும். புத்தகத்தை வாங்கி அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவும் ஒரே கதையா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் தலையாட்டிவிட்டு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை புத்தகம் திரும்பி வந்தது.

"படிச்சாச்சு. பிடிச்சிருக்கு. சீட்டு உள்ள இருக்கு" என்றார்.

உள்ளே அரைத்தாள் அளவில் ஒரு சீட்டு. பென்சிலில், அச்சடித்தது போல நிமிர்ந்த எழுத்துகள். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை. இப்படி எழுதியிருந்தது: "கதை நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் அத்தியாயத்தில் பங்களா வாசல் கிழக்குப் பார்த்தது என்கிறார். கொலை நடந்த அன்று சாயங்கால வெயில் வாசல் வழியாகப் பிணத்தின் முகத்தில் விழுகிறது என்கிறார். இரண்டில் ஒன்று பொய். யார் பொய் சொல்கிறார்கள், கொலைகாரனா, ஆசிரியரா?"

அந்த நாவலை நான் மூன்று முறை படித்தவன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான்காம் முறை எடுத்துப் பார்த்தேன். வாசல் கிழக்கேதான் பார்த்திருந்தது. வெயில் வாசல் வழியாகத்தான் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். இப்படிப் படிக்கிற ஒருத்தியா!

இரண்டு பக்கம் பதில் எழுதி, சரித்திர நாவலோடு வைத்துக் கொடுத்தேன். அதில் இளவரசன் ஒருவன் ஆபத்திலிருக்கும் தங்கையைக் காப்பாற்றக் கடற்கரைப் பட்டணத்திலிருந்து தலைநகருக்குக் குதிரையில் ஒரே பகலில் போய்ச் சேருவான். சீட்டு வந்தது: "தூரத்தைக் கூட்டிப் பார்த்ததில் குதிரை பாதி வழியில் செத்திருக்க வேண்டும். இருந்தாலும் அவன் போய்ச் சேர வேண்டும் என்றுதான் இருந்தது. அதனால் குதிரையை மன்னித்தாகிவிட்டது."

குதிரையை மன்னித்தாகிவிட்டது! அந்த வரியை ஆபீஸ் பஸ்ஸில் பெரும்பாக்கம் ஏரியைக் கடக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். பக்கத்து சீட்டு நண்பன், "என்னடா தனியா சிரிக்கிற? பொண்ணு ஓகேவா?" என்றான். "தெரியல மச்சான். புக் போய்கினு வந்துகினு இருக்கு" என்றேன்.

அப்படியே போனது. நகைச்சுவை நாவலுக்கு, "முதல் தடவை சிரிப்பு வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தபிறகு சிரிப்பு வருவது ஏன்?" என்று கேள்வி வந்தது. அதற்கு என்னிடம் இன்றுவரை சரியான பதில் இல்லை. இரண்டு சூரியன் இருக்கிற கிரகத்தைப் பற்றிய நாவல் ஒன்று கொடுத்தேன். "அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு நிழல் விழ வேண்டும். ஆசிரியர் கதாநாயகனுக்கு ஒரு நிழல்தான் கொடுத்திருக்கிறார். இன்னொன்று எங்கே போயிற்று?" என்று வந்தது.

ஒரு சிறுகதைக்கு மட்டும் அப்படி எதுவும் வரவில்லை. அம்மா செத்தபிறகு அவள் வைத்திருந்த ஒரே தையல் மெஷினுக்காக அக்காவும் தங்கையும் பேச்சை விடுகிற கதை. எட்டுப் பக்கம்தான். சீட்டில், "இதைப் பற்றி எழுத முடியவில்லை. அடுத்தது கொடுங்கள்" என்று மட்டும் இருந்தது. எனக்குக் குழப்பமாகிவிட்டது. அவளுக்கு அக்கா, தங்கை யாரும் இல்லை. அம்மா நன்றாகத்தான் இருந்தார். அவர் போட்ட மிக்சரை நானே சாப்பிட்டிருந்தேன். பிறகு எது அவளை அப்படித் தடுத்தது? அன்று பேக்கரியில் அவளுடைய அப்பாவும் வழக்கமான முட்டை பப்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் தாண்டியதும் அம்மா கேட்க ஆரம்பித்தாள். "அந்தப் பொண்ணு என்னதான் சொல்றா?"

"படிச்சிகிட்டு இருக்கா."

"மூணு மாசத்துல குழந்தையே குப்புற விழுந்துரும்டா. இன்னுமா படிச்சு முடிக்கல?"

அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்தவளிடம் பிடித்திருக்கிறது என்று சொல்லும் தைரியமும் எனக்கு அதுவரை வந்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போய், பழைய புத்தகக் குவியலில் அவளுக்காக ஒரு சிறுகதைத் தொகுப்பு தேடி எடுத்தேன். அதனுள் வைத்த கடிதத்தில் கதைகளைப் பற்றி எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் வேறு விஷயம் எழுதினேன். நாம் இருவரும் ஒரே அறையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதை அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்து, இன்னும் ஏழெட்டு வரி. அந்த வரிகளை இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த சனிக்கிழமை சீட்டு வந்தது: "கதையைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்."

வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். கண்டிப்பான டீச்சர் வேறு, இப்படித்தான் எழுதுவாள். வேண்டாம் என்று எழுதவில்லையே. போதும் என்றுதானே எழுதியிருக்கிறாள் என்று அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இன்னும் மூன்று வாரம் ஓட்டினேன்.

பிறகு ஒரு புதன்கிழமை மேடவாக்கத்தில் கம்பெனி பஸ் பழுதாகி நின்றுவிட்டது. டிரைவர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். ஷேர் ஆட்டோவைத் தேடி நடந்தபோது ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளைப் பார்த்தேன். கையில் ஃபைல். மெஷின் அவளுடைய சர்டிஃபிகேட்டுகளை ஒவ்வொன்றாக விழுங்கித் துப்பிக்கொண்டிருந்தது. போன் வேண்டாம் என்றுதானே சொன்னாள், நேரில் பேச வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டு கிட்டே போனேன்.

"நல்லா இருக்கீங்களா?"

அவள் என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ம்… நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

"அந்த ரெண்டு நிழல் விஷயம் எனக்குத் தோணவே இல்ல. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"எந்த நிழல்?"

"சீட்டுல எழுதியிருந்தீங்களே."

"எந்தச் சீட்டு?"

கடைக்காரர், "மேடம், ரெண்டு காப்பியா மூணு காப்பியா?" என்றார். "மூணு" என்று அவரிடம் சொல்லிவிட்டு அவள் என்னையே பார்த்தாள். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை.

"அப்பா உங்ககிட்ட சொல்லிட்டேன்னாரே" என்றாள்.

"என்ன சொன்னார்?"

"நான் வேண்டாம்னு சொன்னதை. நீங்க பார்த்துட்டுப் போன ரெண்டாவது வாரமே சொல்லிட்டேனே. எனக்கு மாலத்தீவுல டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. அப்பவே அப்ளை பண்ணியிருந்தேன். மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்ல சங்கடமா இருந்துச்சு, அதான் புக் கேட்டேன். தப்புதான், மன்னிச்சிருங்க. ஒரு புக்கைப் பிரிச்சும் பார்த்தேன். அஞ்சு பக்கம் தாண்ட முடியல."

"அப்ப யார் படிச்சாங்க?"

கேட்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அவளுக்கும் அந்த நொடியில்தான் தெரிந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆபீஸ் விட்டு வந்ததும் அப்பா பால்கனியில ஒரு புக்கை வெச்சுகிட்டு உக்காந்திருப்பார். பென்சிலால எழுதுவார். கேட்டா ஆபீஸ் பரீட்சைன்னார். ரிடையர் ஆகப்போறவருக்கு என்ன பரீட்சைன்னு அம்மாகூட கேட்டாங்க" என்றாள். பிறகு சிரிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல், "ஐயோ அப்பா" என்றாள்.

நான் ஏதோ சொல்லி விடைபெற்றேன். ஷேர் ஆட்டோ எதிலும் ஏறவில்லை. செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் வழியாகச் சேலையூர் வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் அவர் பேசிய பேச்சை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். "படிச்சாச்சு." "பிடிச்சிருக்கு." "சீட்டு உள்ள இருக்கு." ஒரு தடவையாவது 'என் மகள் படித்தாள்' என்று அவர் சொன்னதே இல்லை. சீட்டிலும் அப்படித்தான். நான் என்று ஒரு இடத்திலும் இல்லை. குதிரையை மன்னித்தாகிவிட்டது என்றால் மன்னித்தது யார்? தமிழில் ஆளே இல்லாமல் எல்லாக் காரியத்தையும் முடித்துவிடலாம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. கையேடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் சீட்டுகளை எடுத்துப் பரப்பினேன். பதினாறு சீட்டு. அதே எழுத்து, அதே வரிகள். இப்போது அவளுடைய குரலில் படித்தால் ஒட்டவில்லை. அவருடைய குரலில் படித்தால் கூச்சமாக இருந்தது. யார் குரலும் இல்லாமல் படித்தபோது முன்போலவே பிடித்திருந்தது. அதுதான் என்னை ரொம்பவும் குழப்பியது. கோபம் யார் மேல் வர வேண்டும்? நான் நான்கு மாதமாக யாருக்காகக் காத்திருந்தேன்? அந்தக் கடைசிப் பத்தி! அதை நினைத்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஐந்து மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

அவர் பேக்கரிக்கு உள்ளே உட்காராமல் வெளியே நின்றிருந்தார். மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"வீட்ல பெரிய சண்டை தம்பி" என்றார். "பொண்ணு மூணு நாளா பேசல. தப்புதான்."

"ஏன் அங்கிள் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அந்த ரெண்டாவது வாரம். சத்தியமா சொல்லத்தான் வந்தேன். அந்தக் கொலைப் புக்கை சும்மா பிரிச்சேன், பஸ்ல. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிட்டேன். எனக்கு ஐம்பத்தேழு வயசு. இதுவரைக்கும் கதைன்னு ஒண்ணு படிச்சதில்ல. வரைபடம்தான் பார்ப்பேன். அடுத்தவன் நிலம், அடுத்தவன் வேலி. இது இன்னா மாதிரி இருந்துச்சுன்னா…" என்று நிறுத்தி, கையை விரித்தார். "சொல்லத் தெரியல. வேண்டாம்னு சொல்லிட்டா நீங்க அடுத்த புக்கு குடுப்பீங்களா? இந்த ஒரு வாரம் போகட்டும், அடுத்த வாரம் சொல்லிடலாம்னு நினைச்சேன். அடுத்த வாரம் இளவரசன் குதிரையில போய்ட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் எல்லாம் சரி என்று ஆகிவிடுமோ என்று அடக்கிக்கொண்டேன்.

"அந்தத் தையல் மெஷின் கதை?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். சொந்தத் தம்பி. பேசி பதினோரு வருஷம்."  

பைக்குள் கைவிட்டு என் கடிதங்களை எடுத்தார். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். மேலே இருந்தது அந்தக் கடிதம். "இதைப் படிக்கல தம்பி. கதையைப் பத்தி எழுதினதைப் படிச்சேன். கடைசியில விஷயம் வேற பக்கம் திரும்புதுன்னு தெரிஞ்சதும் மடிச்சிட்டேன். நம்புங்க."

நம்பினேனா என்று கேட்டால், தெரியாது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துத்தான் சொன்னார். கடிதக் கட்டை வாங்கிக்கொண்டேன். அவர் பையிலிருந்த புத்தகத்தையும் கொடுத்தார். நான் புதிதாக எதுவும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பல்லாவரம் பஸ் வந்ததும் ஏறிப் போனார்.

அம்மாவிடம் அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். "இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்று அம்மா பாஸ்டரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தாள். வேறு இடங்கள் பார்க்க ஆரம்பித்தாள். குரோம்பேட்டையில் ஒரு பெண். பேங்கில் வேலை. நன்றாகப் பேசினாள். நிறைய படிப்பேன் என்றும் சொன்னாள். ஆசையாக அந்தக் கொலை நாவலைக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்து, "சூப்பரா இருந்துச்சு" என்றாள். நான் புத்தகத்தை வாங்கியதும் உள்ளே விரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "என்ன தேடுறீங்க?" என்றாள்.  அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த இடம் ஏன் கூடிவரவில்லை என்று அம்மா கேட்டபோது நான் சொன்ன காரணம் எனக்கே விளங்கவில்லை.

இப்படி ஒன்றரை மாதம். சனிக்கிழமை சாயங்காலமானால் ஐந்து மணிக்கு நான் பாட்டுக்கு எழுந்து அலமாரி முன்னால் போய் நிற்பேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், இதற்கு அவர் என்ன எழுதுவார் என்றுதான் முதலில் தோன்றும். ஒரு கப்பல் கதை படித்துக்கொண்டிருந்தேன். அதில் காற்று தெற்கிலிருந்து அடிக்கிறது, பாய்மரத் துணியும் தெற்கே புடைக்கிறது. நானே பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.  அடுத்த சனிக்கிழமை மஞ்சள் பையெல்லாம் இல்லாமல், அந்தக் கப்பல் நாவலை ஒரு ஆபீஸ் கவரில் போட்டுக்கொண்டு கீழ்க்கட்டளைக்கே போனேன்.

கதவைத் திறந்தது அவளுடைய அம்மா. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்துவிட்டு, "பொண்ணு மாலத்தீவுக்குப் போயி பத்து நாள் ஆச்சுப்பா" என்றார்.

"தெரியும் ஆன்ட்டி. அங்கிளைப் பார்க்க வந்தேன்."

அவருக்கு அது விளங்கவில்லை. உள்ளே திரும்பி, "உங்களைத்தான்" என்று கூப்பிட்டார். அவளுடைய அப்பா பால்கனியிலிருந்து வந்தார். கவரைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, "இதுல காரணம் எழுதி வெக்கலையே?" என்றார்.

"இதை ஏன் குடுக்கிறேன்னு எனக்கே தெரியல அங்கிள்."

அவர் தலையாட்டினார். டீ குடித்தோம். மகள் போன் செய்ததைப் பற்றி, அங்கே மீன் கிடைப்பதைப் பற்றிச் சொன்னார். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து அந்தப் புத்தகம் வந்தபோது சீட்டு இப்படி ஆரம்பித்தது: "நான் கப்பலில் போனதில்லை." அந்த 'நான்' என்ற சொல்லை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் ஊரப்பாக்கம். ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கதைப் புத்தகம் பக்கமே போகாதவள். நான் படித்ததைச் சொன்னால் பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்பாள். முடிவை மட்டும் முதலில் சொல்லிவிடச் சொல்வாள். எங்கள் பேச்சு நிச்சயமான பிறகு இந்தக் கதையையும் அவளிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இப்ப உங்களுக்கு அந்தப் பொண்ணு பிடிச்சிருந்துச்சா, அந்த அப்பாவைப் பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து, "சரி விடுங்க" என்றாள்.

தாம்பரத்தில் சர்ச்சை ஒட்டிய மண்டபத்தில் வரவேற்பு. கீழ்க்கட்டளை அங்கிளும் மனைவியோடு வந்திருந்தார். கையில் பரிசுப் பொட்டலம். தடவிப் பார்க்காமலே புத்தகம் என்று தெரிந்தது. அது நான் அவருக்குச் சிபாரிசு செய்த புத்தகமில்லை. அவராகவே தேடி வாங்கிய ஒன்று. மேடையில் என் கையைக் குலுக்கி, "பேய்க் கதை தம்பி. புதுப் பொண்ணு முன்னால பிரிக்காதீங்க" என்று மெல்லச் சொன்னார்.

போட்டோகிராபருக்கு அவசரம். கீழே சாப்பாட்டுக்கு வரிசை நீண்டுகொண்டிருந்தது. "சார், நீங்க மாப்பிள்ளை சைடா, பொண்ணு சைடா?" என்று அவரைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். சொந்தம் என்று சொல்ல முடியாது. நண்பர் என்றால் அந்த வயதுக்கும் எங்கள் கதைக்கும் பொருந்தவில்லை. கூடிவராத சம்பந்தத்தின் மாமனார் என்று மேடையில் சொல்லவா முடியும்?  என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"சீக்கிரம் சார், எந்தப் பக்கம்?"

அவர் இரண்டு பக்கத்தையும் ஒருமுறை பார்த்தார். என் பக்கத்தில் அம்மாவும் சித்தியும் நிறைந்திருந்தார்கள். பெண் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கும் இடம் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு அங்கே போய் நின்றார்.